மெல்லிய ரிங்கின் புகார்

ரேஸ் பைக் இஞ்சின் கட்டுவதில் கோவையில் ஜெசிந்தாவை மிஞ்ச ஆளில்லை. லாரி இஞ்சின்களோடு பாதி ஆயுளைக் கழித்த மருதாசலம் அவரிடம் தொழில் கற்க வந்து சேர்ந்திருந்தார். குருவைவிடச் சீடர் வயதில் நன்றாகவே மூத்தவர். அதனால் குருவை அவர் 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார்.

பயிற்சி ஓட்டத்தில் மருதாசலம் கட்டிய இஞ்சின் நீலப் புகை கக்கியது. கொடி காட்டி, ஓட்டிய தர்ஷினியை எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அன்றும் புகைந்தால் அணியில் அவளுக்கு இடமில்லை.

மருதாசலம் இஞ்சினைப் பிரித்து, பிஸ்டனில் எண்ணெய் ஏறாமல் தடுக்கும் ரிங்கைக் கழற்றி மேசைமேல் விட்டெறிந்தார்.

"இது ரிங்கா அம்மிணி? பூனை மீசையாட்டம் இருக்குது! போடச் சொன்னது நீங்க, பேரு கெட்டது எனக்கு!"

"எது போடோணும்ங்கறீங்க?"

"தடிச்ச ரிங்கு. அதுக்குத் தகுந்த பிஸ்டன். லாரிக்கெல்லாம் அதான் போட்டேன்."

"இந்த இஞ்சின் சுத்தற வேகத்துக்குத் தடிச்ச ரிங்கு பிஸ்டன் காடியில உக்காராதுங்க. தடதடன்னு ஆடும்."

"மெல்லிசு மட்டும் என்னத்தைக் கிழிச்சுது?"

ஜெசிந்தா சிலிண்டரை எடுத்து வைத்து, உள்துளையை அளக்கச் சொன்னார். அளவுமானியின் முள் அசையவில்லை.

"பாருங்க, அச்சு வட்டம்! துளையைத் தேய்ச்சது யாரு? நானு!"

ஜெசிந்தா மூலையிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட கனத்த இரும்புப் பலகையைத் தூக்கி வந்தார். அதில் டீ டம்ளர் வைத்த கறைகள் இருந்தன. அதைச் சிலிண்டர்மேல் வைத்து, சிலிண்டர் மூடியான ஹெட்டை முறுக்கும் அதே இறுக்கத்தில் போல்ட்டுகளை முறுக்கினார்.

"இப்ப அளங்க."

முள் சாய்ந்தது. துளை முட்டை வாகில் நெளிந்திருந்தது.

மருதாசலத்துக்குக் காதெல்லாம் சூடேறியது. "முறுக்கினா நெளியுதுன்னா அது சிலிண்டர் கோளாறுங்க!"

"எந்தச் சிலிண்டரும் நெளியும். அதுக்குத்தான் பலகையை முறுக்கி வெச்சுத் தேய்ங்கன்னு சொன்னேன். நீங்க அதுமேல டீ வெச்சுக் குடிச்சீங்க."

"லாரிக்கு நான் பலகையே வெச்சதில்லீங்க!"

"தடிச்ச ரிங்கு சுவத்தை அமுக்கிட்டே ஓடும். நெளிசல் வெளிய தெரியாது. மெல்லிசு அப்படி அமுக்காது, நெளிஞ்ச எடத்துல எண்ணெய் ஏறிப் புகையும்."

"இத்தனை வருஷத்துல என் வேலையை ஒருத்தன் குறை சொன்னதில்லீங்க அம்மிணி!"

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மேசைமேல் கிடந்த ரிங்கை எடுத்து மருதாசலத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது சொல்லிப்போட்டுது. அவமானப்பட்டது அந்தப் புள்ளை. நீங்க என்னடான்னா, குறை சொன்னதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, சொல்லாததா ஒண்ணு வேணும்ங்கறீங்க."

மருதாசலம் ரிங்கைப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டு, துணியெடுத்துப் பலகையிலிருந்த டீக் கறையைத் துடைக்கத் தொடங்கினார்.