இரண்டாவது கட்டுவிரியன்

செங்கமலத்தின் குடிசை இருந்த மேட்டில் நெல் மில் கட்ட வேண்டுமென்று மிராசுதார் அம்பலவாணருக்கு ஆசை. காலி செய்யச் சொல்லிப் பார்த்தார், அவள் மசியவில்லை. ஒரு நாள் காலையில் மந்திரவாதி ஒருவனைக் கூட்டிக்கொண்டு, ஊர் ஜனங்களோடு வந்து நின்றார்.

மந்திரவாதி குடிசைக் கூரைக்குள் கைவிட்டு, உடம்பில் கோடு போட்ட பாம்பு ஒன்றை உருவினான். "கட்டுவிரியன். என் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டுக் கடிக்காம இருக்கு."

"இங்க இனிமே மனுஷர் குடியிருக்கலாமா?" என்றார் மிராசுதார். ஊரும் கூடாதென்று தலையாட்டியது.

செங்கமலம் பாம்பை உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மூடிய பானை ஒன்றைக் கொண்டுவந்து மந்திரவாதியின் காலடியில் வைத்தாள்.

"சாமி, இதுல இன்னொண்ணு இருக்கு. உங்க கையில இருக்கறதுக்குக் கழுத்துக்கிட்டதான் கோடு அழுத்தமா இருக்கு, வால் வெறும் பழுப்பு. இதுக்குக் கழுத்து வெறும் கருப்பு, வெள்ளைக் கோடு ஜோடி ஜோடியா வால் நுனிவரைக்கும் ஓடுது. இதையும் பிடிச்சுடுங்க."

மந்திரவாதி துள்ளிப் பின்வாங்கினான். "அதுதாம்மா கட்டுவிரியன். நான் தொடமாட்டேன்."

"அப்ப உங்க கையில இருக்கறது என்ன சாமி?"

அவன் பாம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஊர் மொத்தமும் மிராசுதாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

செங்கமலம் பானையைத் திறந்து, குழம்புக்கு வேண்டிய புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.