பாதை பார்க்கப் போனவர்

மலையடிவாரத்தில் இருந்த தவமணி சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அங்கப்பனுக்கு ஐம்பத்தெட்டு. வயதில் மூத்தவர் என்று சாமி அவரை 'அண்ணே' என்பார். குரு ஆயிற்றே என்று அந்த அண்ணன் அவரைச் 'சாமி' என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை, பார்ப்பவர்களுக்குத்தான்.

அங்கப்பன் முப்பது வருஷம் மலைச்சாலையில் பஸ் ஓட்டியவர். ஒரே மகள் செண்பகம் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, வாசல்வரைகூட வராமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலைக்கு அந்தப் பக்கமிருந்து தேன் விற்க வந்தவனிடம் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பா வந்து பார்ப்பதானால் பார்க்கட்டும். திங்கட்கிழமை சூரத்துக்குப் போய்விடுவோம், இனி எப்போது வருவோமோ தெரியாது.

பஸ் போகிற சாலை மண் சரிந்து மூடிக் கிடந்தது. மலையைத் தாண்டும் ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் வழி. விடிந்ததும் ஏறினால் இருட்டுமுன் திரும்பிவிடலாம், பாதை ஒழுங்காக இருந்தால்.

"போய்ப் பாதையைப் பாத்துட்டு வாங்கண்ணே," என்றார் சாமி.

அங்கப்பன் போன வேகத்தில் திரும்பி வந்தார். பாதை அருமையாக இருக்கிறதாம். வானத்தில் பொட்டு மேகம் இல்லையாம். போனிலும் சூரியன் படம்தான் போட்டிருக்கிறதாம். இப்போதே ஏறிவிடலாமாம்.

"போன்ல எந்த ஊருக்குச் சூரியன்?"

அங்கப்பன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கீழே சமவெளியில், வெயிலுக்குப் பேர்போன ஓர் ஊர்.

"பாதை தாண்டுற ஓடைவரைக்கும் போனீங்களா?"

முதல் வளைவில் நின்று பார்த்தாராம். அங்கிருந்தே எல்லாம் தெரிந்ததாம். கொஞ்சமும் கூசாமல் சொன்னார். நாளைக்கு ஓடைவரை போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சாமி வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

அன்று சாயங்காலம் அங்கப்பன் கடைத்தெருவில் ஒரு குட்டிக் கம்பளிக் குல்லாய் வாங்கினார். வாங்கிய கையோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் இதை வாங்காமல் திருப்பிக் கொடுத்தால்? குழந்தையைக் கையில் தராவிட்டால்? பாவம், விடியவிடியப் புரண்டார்.

சனிக்கிழமை ஓடைவரை போய், ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்தார். ஓடையில் தண்ணீர் ஓடுகிறது, ஐஸ் மாதிரி குளிர்கிறது. அதற்கு மேலே வழுக்குப்பாறையில் பனி உறைந்து பளபளவென்று இருக்கிறது. உச்சியில் மூட்டம். கால் வைக்க முடியாது, போகவே வேண்டாம் சாமி என்று சாதித்தார். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

"எதிர்க்க யாராச்சும் வந்தாங்களா?"

"ரெண்டு பொம்பளைங்க. சீமாறுப் புல்லு அறுத்துட்டு இறங்கி வந்தாங்க."

"கட்டு தலையிலயா?"

அங்கப்பன் தரையைப் பார்த்தார்.

"தலையிலதான் சாமி."

தலையில் கட்டோடு அவர்கள் இறங்கிய பாதை இவருக்கு மட்டும் எப்படி வழுக்கும் என்று சாமி கேட்கவில்லை. அங்கப்பன்தான் பொலபொலவென்று கொட்டிவிட்டார். பாதை கெட்டிருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டே ஏறியதை, மகள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருப்பதை, அவள் கிளம்பிய அன்று வாசலில் வெகுநேரம் நின்றிருந்ததை. ஐம்பத்தெட்டு வயசு ஆள் சின்னப்பிள்ளை போல அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சாமியே உடன் வந்தார். ஓடைக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, பாதை பார்ப்பதை அவரிடமே விட்டுவிட்டார்.

அங்கப்பன் குச்சியை விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தார். கரையோரமாக மேலே நடந்து, அந்தப் பெண்களின் கால்தடம் எங்கே கரையேறியிருக்கிறது என்று தேடினார். வழுக்குப்பாறையில் வெயில் விழும்வரை காத்திருந்தார். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த பாத்திரம் போல, எப்போதாவது மட்டும் அவர் வெளியே எடுக்கிற பொறுமை அது. பிறகு வந்து நின்றார்.

"தண்ணி முழங்காலுக்குக் கீழதான். மேல கல்லு கல்லா இருக்கு, அங்க தாண்டலாம். பாறையில இடது ஓரம் காஞ்சிருச்சு. மூணு மணிக்கு மேல மூட்டம் இறங்கும், அதுக்குள்ள உச்சியைத் தாண்டித் திரும்பிரணும். இப்பக் கிளம்பினா பத்தரைக்குப் போயிருவேன், பன்னெண்டுக்குப் புறப்பட்டுருவேன். ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்."

சாமி எழுந்து, தான் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை அவர் பையில் வைத்தார்.

அங்கப்பன் நகரவில்லை. ஓடையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"எல்லாம் பாத்தாச்சு சாமி. அவ முகம் எப்படி இருக்கும்னு மட்டும் தெரியலையே."

"அது இங்கேருந்து தெரியாதுண்ணே," என்றார் சாமி. "ஏறுங்க."