மஞ்சள் பிள்ளையாருக்குக் கோபுரம் எங்கே?

கம்ப்யூட்டர் வகுப்பில் நிறைமதி குரு, வடிவாம்பாள் சிஷ்யை. குருவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சிஷ்யையோ பாட்டியாகப் போகிறவள்.

அன்று வடிவாம்பாளின் மகள் உமையாளுக்கு வளைகாப்பு. விசேஷத்துக்கு வந்த குரு, சிஷ்யையைக் கூடத்தில் காணாமல் உள்ளறைக்குப் போனாள். பட்டுப்புடவையோடு, வியர்த்து விறுவிறுத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள் வடிவாம்பாள்.

"என்னம்மா இது?"

"மாப்பிள்ளைக்கு ரெண்டு அக்கா, டீச்சர். முதல் வளையல் நான்தான் போடுவேன்னு ரெண்டு பேருமே நிக்கிறாங்க. யாரை முந்தவிட்டாலும் மத்தவ சாப்பிடாம கிளம்பிடுவா. என் பொண்ணு அவங்க நடுவுலதானே வாழணும்?"

"சீட்டுக் குலுக்கிப் போடலாமே?"

"குலுக்கினவ மேல பழி வரும். கம்ப்யூட்டரே ஒரு பேரை எடுக்கட்டும்னு சொன்னேன். சரின்னுட்டாங்க."

குரு திரையைப் பார்த்தாள். பெரிய மென்பொருளுக்குப் போடுகிற முழு ப்ராஜெக்ட். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. அடியில் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள்.

"பேரை எடுக்கிற வரி எங்கேம்மா?"

"அதை இன்னும் எழுதலை. முதல்ல இதெல்லாம் அமையணுமே?"

கூடத்திலிருந்து மூத்தவள் மரகதவல்லியின் குரல் வந்தது. "அத்தை, உங்க பெட்டி வாயைத் திறக்கிறதுக்குள்ள பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போயிடும்!"

"போனா என்ன? அப்பவும் முதல் வளையல் நான்தான்!" என்றாள் இளையவள் தெய்வானை.

குரு லேப்டாப்பை மூடினாள்.

"பூஜைக்குப் பிள்ளையார் பிடிச்சாச்சா?"

"எங்கே நேரம்?"

"பிடிங்க."

வடிவாம்பாள் மஞ்சள்பொடியில் துளி தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். விரல் நுனியால் கூம்பாகப் பிடித்து வெற்றிலையில் வைத்தாள். குங்குமம் இட்டு, உச்சியில் அருகம்புல் செருகி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது யார்?" என்றாள் குரு.

"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க! சாட்சாத் பிள்ளையார்."

"கோபுரம் எங்கே?"

"கோபுரமா?"

"கொடிமரம்? பிராகாரம்? தெப்பக்குளம்?"

"இன்னிக்கு ஒரு பூஜைக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்..." என்ற வடிவாம்பாள் பாதியில் நிறுத்தினாள். பிறகு வளையல் குலுங்கச் சிரித்தாள்.

லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு வெற்று ஃபைலை எடுத்தாள். இரண்டு பெயர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்லி ஒரு வரி. அதைக் காட்டச் சொல்லி இன்னொரு வரி.

"ப்ராஜெக்ட் இல்லாம இதை மட்டும் அப்படியே கம்பைல் பண்ணி ஓட்டலாமா?"

குரு தலையசைத்தாள். ஒரே கட்டளை. பிழை இல்லை.

லேப்டாப் கூடத்துக்கு வந்தது. எல்லோரும் சுற்றி நிற்க, வடிவாம்பாள் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

'தெய்வானை' என்று வந்தது.

கூடமே மரகதவல்லியின் முகத்தைப் பார்த்தது. உமையாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மரகதவல்லி மஞ்சள் பிள்ளையாரை ஒரு முறை முறைத்தாள்.

"பார்த்தீங்களா, தன் தம்பி பெண்டாட்டி பேரைக் கேட்டதும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டார்!"

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. வளையல் தட்டை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தவளே மரகதவல்லிதான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பந்தி முடிந்தபின் மஞ்சள் பிள்ளையாரைக் கரைக்க எடுத்துப் போன வடிவாம்பாள், பாயசம் குடித்துக்கொண்டிருந்த குருவின் அருகே நின்றாள்.

"அப்ப அந்தப் பெரிய ப்ராஜெக்ட் வேண்டவே வேண்டாமா டீச்சர்?"

"கோயில் வேணும்னா அவரே கேப்பாரும்மா. அப்ப கட்டலாம்."