சாரைக்கு விஷம் போன கதை

அந்தக் காலத்தில், புல்பூண்டுகூட வாய் திறந்து வம்பளந்த காலத்தில், சாரைக்கும் விஷம் இருந்தது. அதுவும் நாகத்துக்கு இருந்த அதே விஷம். ஒரே புற்றில் பிறந்த அக்காளும் தங்கையும் அல்லவா! ஆனால் படம் மட்டும் அக்காளுக்குத்தான் விரிந்தது. அங்கேதான் வந்தது வினை.

வெள்ளிதோறும் ஆராயி என்பவள் புற்றுக்கு வருவாள். முட்டையை வைத்து, பாலை ஊற்றி, "நாகாத்தா, என் பிள்ளை குட்டியைக் காப்பாத்து" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சாரை தலையை நீட்டினால் போதும், "ஐயையோ, பாம்பு!" என்று கம்பைத் தேடுவாள். அப்படியானால் அக்காள் மட்டும் என்ன, பூரானா? சாரைக்கு வயிறு எரிந்தது. அக்காள் பாலைக் குடித்துவிட்டுச் சும்மா படுத்திருந்தாலும் எரிந்தது.

"படத்தைத்தான் பறிக்க முடியாது, இவள் விஷமாவது ஒழியட்டும். அப்புறம் எவள் கும்பிடுகிறாள் என்று பார்க்கிறேன்" என்று கறுவிக்கொண்டு வேலியோரத்துச் சிறியாநங்கைச் செடியிடம் போனாள்.

"எங்க அக்கா விஷத்தை முறிக்கணும். கொஞ்சம் சாறு குடு."

"அடி பொறாமைக்காரி!" என்றது செடி. "விஷம்னா என்னன்னு நெனச்சே? ரத்தத்தையும் சதையையும் தின்கிற வாய் அது. என் சாறு அந்த வாயை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துடும். அப்புறம் அதால எதையும் தின்ன முடியாது. ஆனா அக்கா விஷம், தங்கச்சி விஷம்னு என் சாறு பேதம் பார்க்காதுடி."

"பார்க்காட்டிப் போகுது. நான் அவ வாயிலதானே ஊத்தப்போறேன்!"

சாரை இலைகளைக் கடித்துச் சாறெடுத்தாள். கொண்டுபோகக் கையா இருக்கிறது, சட்டியா இருக்கிறது? வாய் நிறைய அடக்கிக்கொண்டு புற்றுக்கு விழுந்தடித்து ஓடினாள். அக்காள் கொட்டாவி விடும்போது ஊற்றிவிடலாம் என்று காத்துக் கிடந்தாள். நாகமோ வாயைத் திறந்தபாடில்லை. சாறு ஊறி ஊறிச் சாரையின் பல்லுக்கும் தொண்டைக்கும் இறங்கியது. கடைசியில் கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டாள்.

"என்னடி அது?" என்றாள் நாகம்.

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு, அந்த ஆத்திரத்தில் எதிரே வந்த எலியைப் போட்டுக் கடித்தாள் சாரை. எலி விழவில்லை. உதறிக்கொண்டு திரும்பிப் பார்த்தது. "நீதானா சாரையக்கா? எறும்புன்னுல்ல நெனச்சேன்!" என்று சொல்லிவிட்டு வளைக்குள் ஓடிப்போயிற்று.

"ஐயோ, என் விஷம் போச்சே!" என்று சாரை மண்ணில் புரண்டு அழுதாள். அழுது என்ன செய்ய?

அன்று பிடித்த ஓட்டம்தான். நாகம் ஒரு கொத்துக் கொத்திவிட்டுச் சாவகாசமாகக் காத்திருக்க, சாரை மட்டும் இன்றுவரை வரப்பெல்லாம் எலியைத் துரத்தித் துரத்தி ஓடி, துடிக்கத் துடிக்க உயிரோடு விழுங்குகிறது.