மன்னர் முகம் திரும்பாமல் மலையிறங்கிய கதை

முன்னொரு காலத்தில், மலைகள் தம்பாட்டுக்கு நின்றிருக்க, மன்னர்கள் வலியப் போய் அவற்றோடு வம்பு வளர்த்த காலத்தில், மணிமுடிராயர் என்றொரு அரசர் இருந்தார். நல்லவர். கொஞ்சம் பருத்தவர். அரண்மனை மாடிக்குப் போகும்போது பாதிப் படியில் நின்று, சுவரோவியங்களை ரசிப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த ஓவியங்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்நாட்டில் இல்லை.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதுவர் சபைக்கு வந்தார். வந்த காரியம் முடிந்ததும், பேச்சோடு பேச்சாக, "எங்கள் மன்னர் போன மாதம் எங்கள் ஊர் மலையை ஒரே பகலில் நடந்தே சுற்றிவிட்டார்" என்று சொல்லிவைத்தார்.

மணிமுடிராயருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சபை கூடியதும் எழுந்து நின்றார்.

"நம் வளையமலையை நாமும் ஒரே பகலில் சுற்றுவோம். பல்லக்கில் ஏறமாட்டோம். புறப்பட்டபின் நம் முகம் ஒருகணமும் பின்னால் திரும்பாது. சூரியன் மறையுமுன் புறப்பட்ட வாசலிலேயே வந்து நிற்போம். வழியில் 'திரும்பலாம்' என்று சொல்பவன் எவனாயினும் நாடு கடத்தப்படுவான்!"

சபை கைதட்டியது. அந்தச் சபை எதற்கும் கைதட்டும்.

வளையமலைக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் பாதையால்தான். கீழே கல்வாசலில் ஏறத் தொடங்கினால், முகடு வழியாகப் போய், மறுபுறம் இறங்கி, ஒரு காட்டாற்றைக் கடந்து, மறுபடியும் அதே கல்வாசலுக்கு வந்துவிடலாம். கால் வலுத்தவர்களுக்கே அது முழுப் பகல் வேலை.

கைதட்டல் ஓய்ந்ததும் தளவாய் உக்கிரசிங்கர் முன்னே வந்தார். யானைபோன்ற உடம்பு. அவர் தம் போர்க்கதைகளைச் சொல்லும்போது மன்னர் கொட்டாவி விடுவார். விகடகவி நக்கண்ணன் தும்மினால்கூடச் சிரிப்பார். தளவாயின் வயிற்றெரிச்சல் அதுதான்.

"பிரபு, இந்தப் பயணத்துக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பை அறிவிற் சிறந்த நக்கண்ணனிடமே ஒப்படையுங்கள். குறித்த நேரத்தில் தங்களைக் கல்வாசலில் சேர்க்காவிட்டால் அவரும் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

நக்கண்ணனுக்குப் பொறி புரிந்துவிட்டது. மன்னரால் அந்த மலையைச் சுற்ற முடியாது. திரும்பச் சொன்னாலும் நாடு கடத்தல், சொல்லாவிட்டாலும் நாடு கடத்தல்.

வீட்டில் மனைவி ஆவுடை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாடு கடத்தினா நானும் வரணுமா? முன்னாடியே சொல்லிடுங்க. மோர்மிளகாய் காயப்போட்டிருக்கேன்" என்றாள்.

"எடுத்து வச்சிடு. எதுக்கும் இருக்கட்டும்" என்றான் நக்கண்ணன். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

மறுநாள் மன்னரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னான். "அரசே, கிழக்கு வெளுக்கும்போதே புறப்பட வேண்டும். கூட நாலைந்து பேர் போதும். தண்ணீர், பொரிகடலை, ஒரு கைத்தடி, பழகிய செருப்பு. முகட்டுக்குக் கீழே யானைப்பாறை இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் உச்சிவெயில் ஆகிவிட்டால், அதற்குமேல் போவது உயிரோடு விளையாடுவது."

"பொரிகடலையா!" என்று அருகிலிருந்த தளவாய் அதிர்ந்தார். "மன்னர் போகிறாரா, மாடு மேய்க்கிறவர் போகிறாரா? மேளம் வேண்டாமா? வெண்கொற்றக்குடை? அறுசுவை விருந்து? வெற்றிலை துப்ப வெள்ளிப் படிக்கம்? இருட்டில் புறப்பட்டால் மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்?"

மக்கள் பார்க்க வேண்டும் என்ற சொல் மன்னருக்கு மிகவும் பிடித்துப்போனது. நக்கண்ணன் வகுத்த திட்டத்தில் கைத்தடி மட்டும் மிஞ்சியது. அதற்கும் தங்கப்பூண் போட்டார்கள்.

குறித்த நாளில், வெயில் நன்றாக ஏறியபின், மக்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றபின், ஊர்வலம் கல்வாசலைத் தாண்டியது. முதல் ஏற்றத்திலேயே நாதசுரக்காரர்களுக்கு ஊத மூச்சில்லை. இரண்டாவது ஏற்றத்தில் காற்று வெண்கொற்றக்குடையைப் பிடுங்கிப் பள்ளத்தாக்கில் எறிந்தது. குடைபிடித்தவன் வெறும் காம்பை மன்னர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு வந்தான். மன்னரின் ரத்தினப் பாதுகை குதிகாலைக் கடித்துக் கொப்புளம் போட்டது.

யானைப்பாறைக்கு வந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தான். மன்னர் ஒரு கல்லில் விழுந்ததுபோல உட்கார்ந்தார். முகட்டின் மறுபுறத்தில் கருமேகம் திரண்டு, இடி உருண்டது. இனிமேல் போனால் வழுக்குப்பாறையில் மழை. மறுபுறம் இறங்கினால் காட்டாற்றில் வெள்ளம். அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தளவாய் நக்கண்ணன் காதருகே வந்து, "சொல்லுங்களேன், விகடகவியாரே. ஒரே ஒரு சொல்தான்" என்றார்.

மன்னர் நக்கண்ணனைக் கைகாட்டி அழைத்தார். குரலைத் தாழ்த்தி, "என்னால் ஓரடியும் முடியாது. ஏதாவது சொல்லேன்" என்றார்.

"சொன்னால் நாடு கடத்திவிடுவீர்களே, அரசே."

"கடத்தத்தான் வேண்டும். சபையில் சொன்ன வாக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. "நான் செத்தாலும் பரவாயில்லை. அந்தத் தூதுவன் சிரிக்கக் கூடாது."

நக்கண்ணனுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. மலையடிவாரத்தில் நடக்கமுடியாத முதியவர்களைப் பலகையில் உட்காரவைத்து, முதுகில் கட்டிச் சுமந்துபோவதை அவன் பார்த்திருக்கிறான். சமையற்காரர்களிடம் மணைப்பலகை ஒன்றையும் கயிற்றையும் வாங்கிக்கொண்டு உரக்கக் கேட்டான்.

"தளவாய் அவர்களே! மன்னருக்குக் கால் நோகிறது. அவர் திருமேனியைச் சாதாரண ஆட்கள் தொடலாமா?"

"கூடவே கூடாது!" என்றார் தளவாய்.

"அப்படியானால் அந்தப் பேறு யாருக்கு?"

எல்லாரும் தம்மையே பார்ப்பதைத் தளவாய் கண்டார். "எனக்குத்தான். இந்த மலையையே சுமப்பேன்" என்று சொல்லித் தொலைத்தார்.

"பல்லக்கில் ஏறமாட்டேன் என்றுதான் மன்னர் சொன்னார். தளவாயின்மேல் ஏறமாட்டேன் என்று சொல்லவில்லை. அரசே, தாங்கள் அசையாதீர்கள். உச்சியைப் பார்த்தபடியே இருங்கள். தளவாய் அவர்களே, மன்னர் முதுகோடு உங்கள் முதுகை ஒட்டி உட்காருங்கள்."

தளவாய் உட்கார்ந்தார். நக்கண்ணன் பலகையை மன்னருக்குக் கீழே கொடுத்து, கயிற்றை இறுக்கிக் கட்டினான். நாலு வீரர்கள் கைகொடுக்க, தளவாய் முக்கி முனகி எழுந்தார். மன்னர் அவர் முதுகில், கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, உச்சியைப் பார்த்தபடி உயர்ந்தார்.

"அரசே, தங்கள் முகம் எங்கே இருக்கிறது?"

"உச்சியை நோக்கி."

"திரும்பியதா?"

"இம்மியும் இல்லை."

"தளவாய் அவர்களே, நடங்கள்."

"எந்தப் பக்கம்?" என்றார் தளவாய்.

"மன்னரைச் சுமந்துகொண்டு பின்பக்கமாகவா நடப்பீர்கள்? உங்கள் மூக்கு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

தளவாயின் மூக்கு ஊரைப் பார்த்திருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாய்திறந்து மறுக்கலாம் என்றால், மறுத்தால் அவரே மன்னரை உச்சிக்குச் சுமக்க வேண்டும். பேசாமல் இறங்க ஆரம்பித்தார்.

வழியெல்லாம் மன்னர் எதிரே இருந்த உச்சியை முறைத்துக்கொண்டே பின்னோக்கிப் போனார். இளைப்பாற நின்றபோதெல்லாம் தளவாய், "பிரபு, கொஞ்சம் இறங்கி நடக்கிறீர்களா?" என்று கெஞ்சினார். "முகம் திரும்பிவிடுமே" என்றார் மன்னர், வருத்தத்தோடு.

மேற்கே சூரியன் சிவந்திருந்தபோது கல்வாசலுக்கு வந்துவிட்டார்கள். மழையும் பின்னாலேயே வந்தது. சற்றைக்கெல்லாம் ஆற்றுப் பக்கமிருந்து ஓர் ஆட்டிடையன் ஓடிவந்தான்.

"சாமி, நல்லவேளை அந்தப் பக்கம் வரல! ஆத்துப் பாலம் போயிருச்சு. கரைமரத்தையெல்லாம் வெள்ளம் இழுத்துட்டுப் போவுது!"

மன்னர் பலகையிலிருந்து இறங்கி, இருட்டிக்கொண்டு நின்ற மலையை நெடுநேரம் பார்த்தார். நக்கண்ணன் தோளைப் பற்றினார்.

தளவாய் விடவில்லை. மூச்சு வாங்க, "பிரபு... மலையைச் சுற்றவே இல்லையே!" என்றார்.

"வளையம் என்றால் என்ன, தளவாய் அவர்களே?" என்றான் நக்கண்ணன். "புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிவது. புறப்பட்டதும் இந்த வாசல், முடிந்ததும் இந்த வாசல். முகம் திரும்பவில்லை, பல்லக்கில் ஏறவில்லை, சூரியனும் மறையவில்லை. 'திரும்பலாம்' என்று யாராவது சொன்னார்களா? முதலில் ஊர்ப்பக்கம் திரும்பியதும் தாங்கள்தான்."

மன்னருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. மழையில் நனைந்துகொண்டே சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணனுக்குப் போட்டார். தளவாயையும் மறக்கவில்லை. "மலைதாங்கி" என்ற பட்டம் கொடுத்தார். தளவாய் இடுப்பு பிடித்துக்கொண்டதால் நிமிர முடியாமல் குனிந்தே நின்றார். "எவ்வளவு பணிவு!" என்று மன்னர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் சபை கூடவில்லை. கொலுமண்டபத்துக்கு ஏறப் படிகள் உண்டு. மன்னராலும், கூட மலையேறிய மந்திரிகளாலும் ஒரு படிகூடக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. சபை கூடாததால் புதிய வரி இல்லை, புதிய சட்டம் இல்லை, படையெடுப்பு இல்லை. நாடு அந்த நாட்களில் மிகச் சிறப்பாக ஆளப்பட்டதாக மக்கள் இன்றும் சொல்லுகிறார்கள்.