சாய்ந்துகொள்ள ஒரு கம்பி

உப்பளங்களுக்கு நடுவே எஸ்தரின் வெல்டிங் பட்டறை இருந்தது. உச்சிவெயிலில் அங்கே எல்லாமே வெள்ளையாகிவிடும். உப்புக் குவியல்கள் தரையை விட்டுச் சற்று மேலே மிதப்பது போலத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். எஸ்தருக்குப் பழகிவிட்டது.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து சங்கரபாண்டி நடந்து வந்தார். அவர் தையற்காரர். எஸ்தரைவிட ரொம்பவே மூத்தவர். இருந்தும் அவளிடம்தான் வெல்டிங் பழகிக்கொண்டிருந்தார். வாய் நிறைய 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் கையில் ஒரு துணி மூட்டை. கண்கள் பாதித் தூக்கத்தில் இருந்தன.

"நேத்தும் நடந்தாளா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"நடந்தா, மாஸ்டர்."

அவருடைய சின்ன மகள் வேணிக்குத் தூக்கத்தில் நடக்கும் பழக்கம். அவர்கள் குடியிருப்பதோ மொட்டைமாடியில் உள்ள ஒற்றை அறையில். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கதவைப் பூட்டினால் தூங்கியபடியே திறந்துவிடுவாள். அதனால் அவள் கொலுசில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு படுப்பார். நாடா அசையும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

"மாடியச் சுத்தி நானே கம்பி வச்சுத் தாரேன்னு எத்தனை தடவ சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"யாரு வச்சாலும் எனக்குத் தூக்கம் வராது மாஸ்டர். நான் வச்சாத்தான் வரும்."

மூட்டையை அவிழ்த்தார். டவுன் கடையில் இரண்டு வெல்டிங் மெஷின் பார்த்திருக்கிறார். ஒன்று விலை குறைந்தது. இன்னொன்று, வீட்டில் சொன்னால் சண்டை வரும் விலை. கடைக்காரர் இரண்டிலும் பற்றவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்படிப் பற்றவைத்த இரும்புத் துண்டுகள்தான் மூட்டைக்குள் இருந்தன.

மலிவு மெஷினில் போட்டது பார்க்கச் சகிக்கவில்லை. பற்றவைக்கும் ராடு அடிக்கடி இரும்பில் ஒட்டிக்கொண்டு, காக்கா எச்சம் போட்ட மாதிரி இருந்தது. மற்றது வரிவரியாக, மீன் செதிலைப் போல, தான் போட்டதுதானா என்று அவரே சந்தேகப்படும் அழகு. அதை மட்டும் தனியாக ஒரு பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"எதை வாங்கட்டும் மாஸ்டர்? எனக்கென்னமோ இதுதான்..."

எஸ்தர் அசிங்கமான துண்டை மேசைமேலிருந்த வைஸ் பிடியில் இறுக்கி, சுத்தியலை அவர் கையில் கொடுத்தாள்.

சங்கரபாண்டி யோசிக்கவே இல்லை. ஓங்கி அடித்தார். ஒட்டு பாதி கிழிந்தது, மீதி வளைந்து நின்றது. உள்ளே எங்கே பிடித்திருக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"ஓரத்துல அவசரப்பட்டுட்டேன்" என்று அவரே சொன்னார்.

பிறகு அழகான துண்டு வைஸில் ஏறியது. அவர் தட்டினார். பிள்ளையைத் தூங்கவைப்பது போலத் தட்டினார்.

"பலமா, அண்ணாச்சி."

"இது நல்லாப் பிடிச்சிருக்கு மாஸ்டர். பாத்தாலே தெரியுதே."

"பலமா."

மனசில்லாமல்தான் அடித்தார். செதில் வரிசை முழுசாகக் கழன்று தரையில் உருண்டது. அடியில் இரும்பு உருகவே இல்லை. பற்றவைக்குமுன் அரம் போட்ட கோடுகள்கூட அழியாமல் இருந்தன.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே உப்புக் குவியல்கள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றின் விளிம்பில் வேணி கண்ணை மூடியபடி நடந்து போவது போல ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

"அப்ப, விலை கூடின மெஷின் மோசமா?"

"நல்ல மெஷின்தான். நானே ஒண்ணு வச்சிருக்கேன்."

"பிறகு நான் எதை வாங்க?"

"எதை அடிக்க உங்களுக்குக் கை கூசல?"

"அந்த அசிங்கத்தை."

"அந்த மெஷினையே வாங்குங்க. மிச்ச ரூவாய்க்கு இரும்பு வாங்கி, பத்தவச்சுப் பத்தவச்சு உடைங்க."

சங்கரபாண்டி கீழே கிடந்த செதில் வரிசையைக் கையில் எடுத்தார். அது இன்னும் அழகாகத்தான் இருந்தது.

"இந்த அழகு அதுல வராதே மாஸ்டர்."

எஸ்தர் சொன்னாள்: "தூக்கத்துல வார பிள்ளை கம்பியோட அழகு பாத்துச் சாயாது, அண்ணாச்சி."