கத்தி படாத மீசை

கோணக்கரட்டுக்கு வழி கேட்டால் யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள். அந்த ஊருக்குப் போய்த் திரும்பியவனுக்குத் தன் புத்தியை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆகும். அங்கே ஆம்பிளைக்கு மூளை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மீசை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். யாருக்கு மீசை நீளமோ அவர் வாயில் வந்ததுதான் தீர்ப்பு. அப்படித்தான் தவசியாண்டி ஊர்ப் பெரிய மனுஷன் ஆனார். விடிந்தால் மீசையை முறுக்குவார், பொழுது சாய்ந்தாலும் முறுக்குவார். அந்த உழைப்பில் பாதியை வயலில் காட்டியிருந்தால் வீட்டுக் குதிரில் நெல் இருந்திருக்கும்.

இந்த ஊர்க்காரன்தான் சங்கிலிமுத்து. பெண் அமையும்வரை முகத்தை மழிப்பதில்லை என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டவன். பெண் வீட்டார் வருவார்கள், தாடியைப் பார்ப்பார்கள், காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். பெண் அமையவில்லையே என்று தாடி இன்னும் வளரும். தாடி வளர்கிறதே என்று பெண் இன்னும் அமையாது. இப்படியே முப்பத்தைந்து வயதாகிவிட்டது. இதில் சாமியைத் திட்டிக்கொண்டு வேறு இருந்தான்.

கடைசியில் ஆவாரம்பள்ளத்துச் சோணையா தன் மகள் காத்தாயியைக் கொடுக்க ஒத்துக்கொண்டார். ஆனால் கறாராக ஒரு பேச்சு பேசினார்.

"மாப்ள, பந்தலுக்கு வரும்போது வாய்க்கு மேல மீசை இருக்கணும், வாய்க்குக் கீழ ஒரு முடி இருக்கக் கூடாது. மீசையில்லாதவன் ஆம்பிளை இல்ல. தாடிக்காரன் எழவு வீட்டுக்காரன். ரெண்டுல எது தப்புனாலும் பொண்ணு கிடையாது."

சோணையாவுக்கும் மீசை பெரிசு. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சங்கிலிமுத்துவுக்குக் காத்தாயி என்றால் உயிர். பெண் பார்க்கப் போன அன்று அவன் பாயசத்தைத் தாடியில் ஊற்றிக்கொண்டபோது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவள் சிரித்தாள். ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரித்தது அவன் ஆயுசில் அதுதான் முதல் தடவை. இந்தப் பெண்ணும் கை நழுவிப் போனால் செத்தே போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான், உண்மையாகவே சொன்னான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் சேவிங் பண்ணிக்கொள்ளப் போனால், சலூன்காரர் இருளப்பன் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். கொழுந்தியா மகளுக்குச் சடங்கு. சங்கிலிமுத்துவோடு தவசியாண்டியும், கூட்டாளிகள் ஒச்சப்பனும், வீரணனும் பஸ்ஸின் பின்னாலேயே ஓடினார்கள். அவர் பரிதாபப்பட்டுக் கத்தி, சோப்பு, பிரஷ் இருந்த டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"தாடியை நல்லா ஊற வைங்க. கத்தியைக் கையில எடுக்கும்போதெல்லாம் ஒரு முடியை அதுல வச்சுக் கூர் பாருங்க, அறுந்தா மழிக்கலாம். முக்கியமா, மீசைமேல கத்தி படவே கூடாது!"

பஸ் போய்விட்டது. நான்கு பேரும் தாங்கள் கேட்டதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள்.

முதலில் ஊற வைப்பது. எவ்வளவு நேரம் என்று இருளப்பன் சொல்லவில்லை. தவசியாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு சபையைக் கூட்டினார்.

"அரிசின்னா நாலு மணி நேரம். கொண்டைக்கடலைன்னா ராத்திரி பூரா. தாடி எதுல சேரும்?"

ஒச்சப்பன் தாடியைத் தடவிப் பார்த்தான். "கருப்பா இருக்குண்ணே. கருப்பு உளுந்துதான்."

"உளுந்துன்னா தோல் கழர்ற வரைக்கும் ஊறணும்," என்றான் வீரணன்.

யாருடைய தோல் என்று சங்கிலிமுத்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெஞ்சில் குப்புறப் படுத்துத் தாடியை அண்டாத் தண்ணீரில் விட்டான். மதியச் சாப்பாடு நேரம்வரை அப்படியே கிடந்தான். நடுவில் ஒருமுறை தூங்கிப்போய் மூக்கோடு உள்ளே போனவனை, "தாடியை மட்டும்தானடா ஊற வைக்கச் சொன்னாரு, மூக்கை யாரு வைக்கச் சொன்னது?" என்று அதட்டித் தூக்கிவிட்டார்கள்.

அடுத்தது கூர் பார்ப்பது. அதற்கு ஒரு முடி வேண்டும்.

"என் தாடியிலயே ஒண்ணு பிடுங்குங்கண்ணே," என்றான் சங்கிலிமுத்து.

தவசியாண்டி அவனைப் பச்சாதாபத்தோடு பார்த்தார். "தாடியை மழிக்கச் சொன்னாரு. பிடுங்கச் சொன்னாரா?"

"அப்ப தலையில?"

"தலைமுடி மெல்லிசு. அதை வெங்காயம் நறுக்குற அரிவாள்மணைகூட அறுத்துடும். பரீட்சைன்னா கெட்டியான முடியா இருக்கணும். மீசை முடிதான் சரி."

"உங்க மீசையில ஒண்ணு குடுங்கண்ணே."

வீரணன் காதைப் பொத்திக்கொண்டான்.

"கல்யாணம் எனக்காடா?" என்றார் தவசியாண்டி.

கோணக்கரட்டில் அதுவே தீர்ப்பு. சங்கிலிமுத்துவின் மீசையில் ஒரு முடியைச் சுருக்கென்று பிடுங்கிக் கத்தியில் வைத்தார்கள். அறுந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதற்குள் தாடி காய்ந்திருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நுரை போட்டார்கள். நுரை போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார்கள். கையில் எடுக்கும்போதெல்லாம் கூர் பார்க்க வேண்டுமே! இன்னொரு முடி.

அப்புறம், யார் மழிப்பது என்று பேச்சு வந்தது. வயதில் பெரியவர் என்று தவசியாண்டியிடம் கத்தி போனது. கைமாறியதால் ஒரு முடி. மீசையை முறுக்கக் கை வேண்டும் என்று அவர் அதை ஒச்சப்பனிடம் கொடுத்தார். ஒரு முடி. ஒச்சப்பனுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பது அவனுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. வீரணனுக்கு ஒரு முடி. வீரணன் துணிந்து கத்தியைத் தாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக் கத்தியைக் கீழே வைத்தான்.

ஒவ்வொரு பிடுங்கலுக்கும் சங்கிலிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் காத்தாயியின் சிரிப்பை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான். இவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறார்களே என்று நண்பர்கள்மேல் பாசம்கூடப் பொங்கியது. பாவம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வீரணன் வழக்கம்போல மீசைப் பக்கம் கையைக் கொண்டுபோனான். கை வெறுமனே திரும்பி வந்தது.

"அண்ணே, முடி தீந்துபோச்சு."

கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாடி முழுசாக இருந்தது, ஊறிப்போய் இன்னும் செழிப்பாக இருந்தது. மீசை இருந்த இடம் உரித்த கோழியாகச் சிவந்து கிடந்தது.

"மீசையைக் காணோமே!" என்று அலறினான் சங்கிலிமுத்து.

"மீசைமேல கத்தி பட்டுச்சா?" என்று நிதானமாகக் கேட்டார் தவசியாண்டி.

"படலைண்ணே."

"அப்ப நாம சொன்னபடிதான் செஞ்சிருக்கோம்."

"கத்தி நல்ல கூர்தான். அதுல சந்தேகமே வேணாம்," என்று ஆறுதல் சொன்னான் ஒச்சப்பன்.

சரி, இப்போதாவது தாடியை மழிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கூர் பார்க்க முடி இல்லாமல் எப்படி மழிப்பது? நீங்கள் கோணக்கரட்டில் பிழைக்க மாட்டீர்கள்.

சங்கிலிமுத்து பெஞ்சில் மல்லாந்து விழுந்து ஓவென்று அழுதான். என் காத்தாயி போச்சே, என் காத்தாயி போச்சே என்று புரண்டதில் தலை பெஞ்சுக்கு வெளியே போய்த் தலைகீழாகத் தொங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த ஒச்சப்பன் துள்ளி எழுந்தான்.

"அண்ணே! இங்க வந்து பாருங்க! வாய்க்கு மேல முடி. வாய்க்குக் கீழ மொழுமொழுன்னு இருக்கு!"

மூவரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். தவசியாண்டி தலையை ஆட்டினார். தன்னுடையதைவிடப் பெரிய மீசையாக இருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை ஊர்வலம் ஆவாரம்பள்ளத்துக்குப் போனது. மாப்பிள்ளையின் காலை ஒரு மூங்கிலில் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேட்டி விழாமல் இருக்க முழங்காலில் ஒரு கயிறு. மாலை மட்டும் நிற்கவில்லை. அதைப் பாதத்தில் மாட்டினார்கள்.

சோணையா பந்தல் வாசலில் நின்று மாப்பிள்ளை முகத்தை உற்றுப் பார்த்தார். சங்கிலிமுத்துவின் கண்ணுக்கு மாமனாரின் செருப்புதான் தெரிந்தது. அது முன்னால் வருமா, திரும்பிப் போய்விடுமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாய்க்கு மேல மீசை இருக்கு. காதுலருந்து காது வரைக்கும் இருக்கு! வாய்க்குக் கீழ ஒண்ணுமில்ல. ரெண்டும் சரி," என்றார் சோணையா. பிறகு மெல்ல, "காலு ஏன் மேல இருக்கு?"

"காலைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே மாமா," என்றார் தவசியாண்டி.

"அதுவும் சரிதான்."

பெண்ணின் சித்தப்பா ஒருவர் மட்டும் குனிந்து, கழுத்தைத் திருப்பி, "அண்ணே, இப்படிப் பாத்தா தாடி மாதிரில்ல இருக்கு?" என்று ஆரம்பித்தார். "மாப்ளையை எவன்டா குனிஞ்சு பாக்கச் சொன்னது? மரியாதையா நிமிந்து பாரு!" என்று சோணையா ஒரு அதட்டுப் போட்டார். அதற்கப்புறம் பந்தலில் ஒருத்தரும் குனியவில்லை. வந்ததிலிருந்து எல்லோர் காலடியிலும் தலையை வைத்திருக்கிற மாப்பிள்ளை எவ்வளவு பணிவானவர் என்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தாலி கட்டும்போது காத்தாயி மணையில் உட்கார்ந்திருந்ததால் அவள் கழுத்து அவன் கைக்கு வாகாக எட்டியது. கட்டி முடித்ததும் அவள் அவன் காதோரமாகச் சொன்னாள்: "தாலிதான் கட்டியாச்சே, இறங்கி வாங்க. எனக்குத் தாடி இருந்தாலும் பரவாயில்லைங்க."

சங்கிலிமுத்து ஜாடை காட்டி அவள் வாயை அடக்கினான். "பொம்பளைக்கு மீசையோட அருமை என்ன தெரியும்? மாமா காதுல விழுந்தா உன்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாரு."

கோணக்கரட்டில் அவன் வீட்டு உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது. அதில் தொங்கினான். பிடுங்கிய மீசை முழுசாக வளர்ந்ததும் இறங்கிவிடலாம் என்பது பெரிய மனுஷன் தீர்ப்பு. காத்தாயி சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினாள். ரசம் மூக்கு வழியாகப் போனது. ஒவ்வொரு நாளும் மேலுதட்டைத் தடவிப் பார்ப்பான். சொரசொரப்பு வந்தது, அப்புறம் நிழலாக ஒரு கருப்பு வந்தது, அப்புறம் நிஜமாகவே முடி வந்தது. இன்னும் ஒரு வாரம்தான் என்று அவன் காத்தாயியிடம் சொன்ன அன்று, மகளைப் பார்க்கச் சோணையா வந்து சேர்ந்தார்.

வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முகம் கறுத்துப் போனது.

"இதென்ன மாப்ள, வாய்க்குக் கீழ? தாடி முளைக்குது! என் மகளை அனுப்புங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

நண்பர்கள் மூவரும் இருளப்பனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருளப்பன் தொங்குகிற முகத்தைப் பார்த்தார், சோணையாவைப் பார்த்தார், கத்தியை எடுத்தார். சரக் சரக்கென்று இரண்டே இழுப்பில் மேலுதட்டில் இருந்ததை வழித்துத் துணியில் துடைத்தார். சோணையா முகம் தெளிந்தது.

வேர்த்துப் போன சங்கிலிமுத்து மேலே இருந்த புதரைக் கையால் தேடிப்பிடித்து, நிம்மதியாக ஒரு முறுக்கு முறுக்கினான்.

"நல்ல வேளைண்ணே," என்றான் தவசியாண்டியிடம், "மீசையில கைவைக்காம விட்டாரு."